டிஸ்க்கைத் திறக்கும் டிஸ்க்: இனிட்ஆர்டி பிறந்த கதை

1991 செப்டம்பரில் வெளிவந்த லினக்ஸ் 0.01-இன் மூலநிரலில் கான்ஃபிக்.எச் என்றொரு சின்னக் கோப்பு இருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் தன் ஹார்ட் டிஸ்க்கின் அளவுகளை அதில் அப்படியே எழுதி வைத்திருந்தார்: 5 ஹெட், 17 செக்டர், 980 சிலிண்டர். பெருக்கினால் 40 எம்.பி.யும் சொச்சமும் வரும். எந்தப் பார்ட்டிஷன் ரூட் என்பதும் 306 என்ற பதினாறடிமான எண்ணாக அங்கேயே இருந்தது. இரண்டாவது டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷன் என்று அதற்கு அர்த்தம். லாசு என்ற பெயரில் இன்னொரு இயந்திரத்தின் அளவுகளும் உண்டு. உங்களுடைய டிஸ்க் இந்த இரண்டில் எதுவும் இல்லையென்றால், கோப்பைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்துகொள்ள வேண்டியதுதான்.

அதற்குச் சில வாரங்கள் முன்னால், ஆகஸ்ட் 25-ஆம் தேதி, ஹெல்சிங்கியிலிருந்து அவர் எழுதிய முதல் அறிவிப்பிலேயே இதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஏ.டி. வகை ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறெதையும் இது ஒருநாளும் ஆதரிக்காமலே போகலாம். தன்னிடம் இருப்பது அது ஒன்றுதான் என்றார். ஒரு மாணவரின் மேஜைமேல் இருந்த டிஸ்க்கை மட்டும் அறிந்திருந்த அந்தக் கர்னல், இன்று முன்பின் தெரியாத கம்ப்யூட்டரில் போட்டாலும் அங்கிருக்கும் டிஸ்க்கைத் தானே கண்டுபிடித்து எழுந்துவிடுகிறது. அதற்கு வழி திறந்தது, இன்றைக்கும் பூட் கோப்பகத்தில் கர்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு கோப்பு. அதன் முதல் வடிவத்துக்கு இனிட்ஆர்டி என்று பெயர். லினக்ஸின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு எது என்று கேட்டால், நான் அதைத்தான் சொல்வேன்.

கதை ஸ்கஸியில் தொடங்குகிறது.

ஏ.டி. டிஸ்க்கில் ஒரு வசதி இருந்தது. எந்தக் கம்பெனி டிஸ்க்காக இருந்தாலும் பி.சி.யில் அதனோடு பேசும் முகவரிகள் ஒன்றே. ஒரே ஒரு டிரைவர் எழுதினால் ஊரிலுள்ள எல்லா ஏ.டி. டிஸ்க்குக்கும் அது போதும். ஸ்கஸி அப்படி இல்லை. ஆலன் ஷுகார்ட் தொடங்கிய ஷுகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் உருவான இணைப்புமுறை அது. 1986-இல் அமெரிக்கத் தரநிலை ஆனது. டிஸ்க், டேப், சி.டி., ஸ்கேனர் எல்லாம் ஒரே கேபிளில் கோத்துக்கொள்ளும்; எல்லாம் ஒரே கட்டளைமொழி பேசும். ஆனால் அந்தக் கேபிளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஓர் அட்டை வேண்டும். அதுதான் ஹோஸ்ட் அடாப்டர். கேபிள் பக்கம் எல்லா அட்டைகளும் ஒரே மொழி பேசினாலும், கம்ப்யூட்டர் பக்கம் ஒவ்வொரு கம்பெனி அட்டைக்கும் ஒவ்வொரு பேச்சு.

ஷுகார்ட்டிலிருந்து வெளியேறிய லாரி பூஷே 1981-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அடாப்டெக் கம்பெனியின் ஏ.எச்.ஏ.-1542 அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தில் ஒரு தபால்பெட்டி போல இடம் ஒதுக்கி, கட்டளையை அதில் வைத்துவிட்டு அட்டையைத் தட்டினால் போதும். மீதி வேலையை அட்டையே செய்து, தரவை நினைவகத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடும். சீகேட் எஸ்.டி.-01 அதற்கு நேர் எதிர். விலை மலிவு, ஒவ்வொரு பைட்டையும் பிராசஸரே கை வைத்து இழுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே டிரைவர் எழுத வழியே இல்லை.

1992-இல் லினக்ஸுக்கு ஸ்கஸி வந்தது. கொலராடோவிலிருந்த ட்ரூ எக்கார்ட் அதன் நடு அடுக்கை எழுதினார். டாமி தார்ன் ஏ.எச்.ஏ.-1542-க்கு டிரைவர் எழுதினார். பிறகு எரிக் யங்டேல் இரண்டையும் வளர்த்தெடுத்தார். 1994-இல் கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜான் ஏகாக் அடாப்டெக்கின் புதிய சிப்களுக்கு டிரைவர் எழுதினார். பஸ்லாஜிக் அட்டைகளுக்கு லெனர்ட் சுப்காஃப். இவர்கள் யாரும் அந்தந்த அட்டைக் கம்பெனியின் ஊழியர்களாக இருந்து எழுதவில்லை. தங்கள் மேஜையில் இருந்த அட்டை ஓட வேண்டும் என்ற ஆசையில் எழுதி, ஊருக்கெல்லாம் கொடுத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் ஸ்கஸி கோப்பகத்தில் டிரைவர்கள் வரிசை கட்டி நின்றன.

வரிசை நீள நீளத் தொல்லையும் வளர்ந்தது. அன்றைய ஐ.எஸ்.ஏ. அட்டைகள் தாங்கள் யார் என்று சொல்லாது. எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கின்றன என்பதை அட்டைமேல் இருந்த ஜம்பர்தான் தீர்மானிக்கும். ஏ.எச்.ஏ.-1542-க்கு 130, 134, 230, 234, 330, 334 என்று ஆறு முகவரிகள் சாத்தியம். டிரைவர் ஒவ்வொன்றாகப் போய்த் தட்டிப் பார்க்கும். அங்கே வேறொரு அட்டை இருந்தால்? என்.ஈ.2000 வகை நெட்வொர்க் அட்டையின் தவறான போர்ட்டைத் தொட்டுவிட்டால் இயந்திரம் அப்படியே உறைந்துவிடும். இதற்காகவே, இந்த முகவரிகளைத் தட்டாதே என்று கர்னலுக்குச் சொல்ல ரிசர்வ் என்ற பூட் விருப்பத்தை வைத்தார்கள். பத்து டிரைவரைக் கர்னலுக்குள் சேர்த்துக் கட்டினால் பத்துப் பேரும் எழும்போதே வீடுவீடாகத் தட்டுவார்கள். எந்தத் தட்டலில் இயந்திரம் உறையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இடமும் இல்லை. அன்றைய முறையில், சுருக்கிய கர்னல் அரை எம்.பி.க்குள் அடங்கியாக வேண்டும்; பி.சி.யின் முதல் 640 கே.பி.க்குள் அதை ஏற்றியாக வேண்டிய கட்டாயம். நிறுவுவதோ 1.44 எம்.பி. ஃப்ளாப்பியிலிருந்து. எல்லா டிரைவரையும் ஒரே கர்னலில் போட்டால் எதிலும் அடங்காது.

அதனால் டிஸ்ட்ரிப்யூஷன்கள் பல கர்னல்களைக் கொடுத்தன. பாட்ரிக் வோல்கர்டிங்கின் ஸ்லாக்வேர் இதற்கு நல்ல சாட்சி. 1990-களின் நடுவில் வந்த அதன் சி.டி.யில் பூட் ஃப்ளாப்பி பிம்பங்களுக்கென்றே ஒரு கோப்பகம் உண்டு. பெயர் ஐ என்ற எழுத்தில் முடிந்தால் ஐ.டி.இ. டிஸ்க்குக்கு, எஸ் என்று முடிந்தால் ஸ்கஸிக்கு. ஏ.எச்.ஏ.1542-க்கு ஒன்று, ஏ.எச்.ஏ.1740-க்கு ஒன்று, பஸ்லாஜிக்குக்கு ஒன்று, அல்ட்ராஸ்டோருக்கு ஒன்று என்று பட்டியல் நீளும். கம்ப்யூட்டரைத் திறந்து, அட்டைமேல் அச்சடித்திருந்த எண்ணைப் படித்து, அதற்குரிய பிம்பத்தைத் தேடி ஃப்ளாப்பியில் எழுத வேண்டும். அட்டையின் பெயர் தெரியாதவருக்கு லினக்ஸ் கிடையாது. இதை நான் சிறிய சங்கடமாகப் பார்க்கவில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஓர் இயங்குதளத்தின் வாசலிலேயே, வன்பொருள் தெரிந்தவர் மட்டும் உள்ளே வரலாம் என்று எழுதிப் போட்ட மாதிரி அது.

மாட்யூல் வந்தபோது விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. 1995 மார்ச்சில் வந்த 1.2 கர்னலில் டிரைவரைத் தனிக் கோப்பாகக் கட்டி, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளலாம். சவுண்ட் அட்டைக்கும் நெட்வொர்க்குக்கும் பிரின்டருக்கும் இது போதும். ரூட் டிஸ்க்குக்கு மட்டும் போதாது. மாட்யூல் கோப்புகள் இருப்பது ரூட் டிஸ்க்கில், லிப் மாட்யூல்ஸ் கோப்பகத்தில். அந்த டிஸ்க்கைப் படிக்க அடாப்டரின் டிரைவர் வேண்டும். அந்த டிரைவரோ டிஸ்க்குக்கு உள்ளே இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

பூட்டைத் திறந்தவர்கள் இருவர். சுவிட்சர்லாந்தில் ஆய்வு மாணவராக இருந்த வெர்னர் ஆல்மெஸ்பெர்கர், ஜெர்மனியின் ஹான்ஸ் லெர்மென். இவர்கள் ஸ்கஸி டிரைவர் எழுதியவர்கள் இல்லை, பூட் லோடர் எழுதியவர்கள். இதுதான் இந்தக் கதையில் முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். லைலோ, 1990-கள் முழுக்க லினக்ஸை எழுப்பிய பூட் லோடர், ஆல்மெஸ்பெர்கருடையது. டாஸிலிருந்தே லினக்ஸைக் கிளப்பும் லோட்லின், லெர்மெனுடையது. டிரைவர் எழுதுபவருக்குத் தெரியாத ஒரு விஷயம் பூட் லோடர் எழுதுபவருக்கு நன்றாகத் தெரியும்: டிரைவர் இல்லாமலே டிஸ்க்கைப் படிக்கலாம்.

எப்படி? ஸ்கஸி அட்டைமேல் படிக்க மட்டுமேயான சின்ன ரோம் சிப் ஒன்று இருக்கும். பி.சி.யின் பயாஸ் எழும்போது அந்த ரோமில் உள்ள நிரலையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அதன்பின் பயாஸிடம் இந்தச் செக்டரைக் கொடு என்று கேட்டால், டிஸ்க் எந்த அட்டையின் பின்னால் இருந்தாலும் கிடைத்துவிடும். லைலோ அப்படித்தான் கர்னலை எடுத்து நினைவகத்தில் வைக்கிறது. லோட்லினுக்கு டாஸே எடுத்துக் கொடுக்கிறது. ஆனால் கர்னல் ஓடத் தொடங்கி 32 பிட் பாதுகாப்பு நிலைக்குப் போனதும் பயாஸோடு இருந்த தொடர்பு அறுந்துவிடும். பயாஸின் டிஸ்க் நிரல்கள் பழைய 16 பிட் நிலைக்கு எழுதப்பட்டவை. ஒரு நொடி முன்னால் வரை படிக்க முடிந்த அதே டிஸ்க், இப்போது கர்னலுக்கு அந்நியம்.

அப்படியென்றால் தொடர்பு அறுவதற்கு முன்பே இன்னொரு கோப்பையும் எடுத்து வைத்துவிடலாமே? பூட் லோடர் கர்னலைக் கொண்டுவரும்போதே, மாட்யூல்கள் அடங்கிய ஒரு குட்டி டிஸ்க் பிம்பத்தையும் கொண்டுவந்து நினைவகத்தில் வைக்கட்டும். கர்னல் எழுந்ததும் அதையே முதல் ரூட்டாக மவுண்ட் செய்யட்டும். நினைவகத்தில் இருப்பதைப் படிக்க எந்த அடாப்டரும் வேண்டாம். உள்ளேயிருக்கும் நிரல் உண்மையான டிஸ்க்கின் டிரைவரை ஏற்றட்டும். பிறகு இந்தத் தற்காலிக ரூட் விலகி, நிஜ ரூட்டுக்கு இடம் கொடுக்கட்டும். ஆரம்ப ராம் டிஸ்க் என்பதைத்தான் சுருக்கி இனிட்ஆர்டி என்றார்கள்.

1996-இல் 1.3.73 கர்னலில் இது சேர்ந்தது. அதே கர்னலில்தான் பி-இசட்-இமேஜ் என்ற புதிய கர்னல் வடிவமும் வந்தது. கர்னலை 1 எம்.பி.க்கு மேலுள்ள நினைவகத்தில் ஏற்றி, அரை எம்.பி. கட்டுப்பாட்டை உடைத்தது. பூட் லோடரும் கர்னலும் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொள்ளும் முறையும் முதன்முதலாக ஒழுங்கான ஒப்பந்தமாக எழுதப்பட்டது: பூட் நெறிமுறை 2.00. ராம் டிஸ்க் எந்த முகவரியில் இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று பூட் லோடர் எழுதிவைக்க அதில் இரண்டு இடங்கள் ஒதுக்கினார்கள். அதே ஆண்டு ஜூனில் 2.0 வெளியானபோது இது எல்லோர் கைக்கும் வந்தது.

அந்தக் குட்டி டிஸ்க்குக்குள் என்ன இருந்தது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். சில நூறு கே.பி. அளவுள்ள ஈ.எக்ஸ்.டி.2 பிம்பம், ஜிஜிப்பால் சுருக்கியது. உள்ளே ஒரு மிகச் சிறிய ஷெல், இன்ஸ்மாட் கட்டளை, மூன்று நான்கு மாட்யூல்கள், வேரில் லினக்ஸ்ஆர்சி என்ற கோப்பு. கர்னல் முதலில் ஓட்டுவது அந்தக் கோப்பைத்தான். பெரும்பாலும் அதில் மூன்று வரிதான் விஷயம்: ஸ்கஸி மாட் மாட்யூலை ஏற்று, எஸ்.டி. மாட் மாட்யூலை ஏற்று, ஏ.ஐ.சி.7எக்ஸ்எக்ஸ்எக்ஸை ஏற்று. முதலாவது பொதுவான ஸ்கஸி அடுக்கு, இரண்டாவது டிஸ்க் என்ற சாதனத்துக்கு, மூன்றாவது அடாப்டர் அட்டைக்கு. பொதுவான அடுக்கு முதலில் ஏறாவிட்டால் மற்ற இரண்டும் ஏறாது. லினக்ஸ்ஆர்சி முடிந்ததும் கர்னல் நிஜ ரூட்டை மவுண்ட் செய்யும்.

இந்த மூன்று வரியில் நடந்த மாற்றம் பெரியது. எந்த டிரைவர் வேண்டும் என்ற முடிவு கர்னலைக் கம்பைல் செய்பவரின் கையிலிருந்து, யாரும் திருத்தக்கூடிய ஒரு சாதாரண ஸ்கிரிப்டுக்கு வந்துவிட்டது. டிஸ்ட்ரிப்யூஷன் ஒரே ஒரு கர்னலைக் கட்டி உலகத்துக்கே கொடுக்கலாம். இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுவது பக்கத்தில் இருக்கும் குட்டிப் பிம்பம் மட்டும்.

அந்தப் பிம்பத்தைக் கையால் கட்டுவது சிரமம் என்பதால் ரெட் ஹாட்டில் எரிக் ட்ரோன் எம்.கே.இனிட்ஆர்டி என்ற கருவியை எழுதினார். அதற்கு எந்த அடாப்டர் என்று சொல்ல ஒரு வரி போதும். ஈ.டி.சி. கோப்பகத்தில் கான்ஃப்.மாட்யூல்ஸ் என்ற கோப்பில், பின்னாளில் மாட்யூல்ஸ்.கான்ஃப், அதற்கும் பின்னால் மாட்புரோப்.கான்ஃப், இப்படி எழுதுவார்கள்: அலையஸ் ஸ்கஸி_ஹோஸ்ட்அடாப்டர் ஏ.ஐ.சி.7எக்ஸ்எக்ஸ்எக்ஸ். இரண்டாவது அட்டை இருந்தால் ஹோஸ்ட்அடாப்டர்1 என்று இன்னொரு வரி. கர்னல், ஸ்கஸி_ஹோஸ்ட்அடாப்டர் என்ற பொதுப் பெயரைத்தான் கேட்கும். அதற்கு எந்த மாட்யூல் என்பதை இந்த வரி சொல்லும். எம்.கே.இனிட்ஆர்டியும் இதே வரிகளைப் படித்து, வேண்டிய மாட்யூல்களைப் பிம்பத்துக்குள் எடுத்து வைக்கும்.

சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்த வரிகளின் வரிசை மிக முக்கியம். முதலில் ஏறும் அடாப்டரின் டிஸ்க்குக்கு எஸ்.டி.ஏ. என்று பெயர் கிடைக்கும், அடுத்ததுக்கு எஸ்.டி.பி. புதிய அட்டையைச் செருகி, அதன் வரியை மேலே போட்டுவிட்டால் நேற்று வரை எஸ்.டி.ஏ.வாக இருந்த ரூட் டிஸ்க் பின்னால் போய்விடும். இன்னொன்று: கோப்பைத் திருத்தினால் மட்டும் போதாது, பிம்பத்தையும் மறுபடி கட்ட வேண்டும். பழைய பிம்பத்துக்கு இந்தத் திருத்தம் தெரியாது. மறந்துவிட்டு ரீபூட் செய்தால் திரையில் கடைசியாக வருவது கர்னல் பேனிக். ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை என்ற செய்தி. அந்த வரியைப் பார்த்து டிஸ்க் போய்விட்டது என்று பதறியவர்கள் ஏராளம். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். அதை அடையும் டிரைவர்தான் பிம்பத்தில் இருக்காது.

இனிட்ஆர்டியில் குறைகள் உண்டு. அது அளவு நிர்ணயித்த ராம் டிஸ்க். உள்ளே இருப்பது ஒரு முழு ஃபைல்சிஸ்டம். அதைப் படிக்க ஈ.எக்ஸ்.டி.2 கர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். நினைவகத்தில் இருப்பதைப் படித்து மறுபடி நினைவகத்தின் கேஷில் வைப்பதால் ஒரே தரவு இரண்டு இடத்தில் கிடக்கும். ஒரு ரூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டுவதைச் சுத்தமாகச் செய்ய 2000-இல் பிவட்_ரூட் என்ற புதிய சிஸ்டம் கால் வந்தது, அதுவும் ஆல்மெஸ்பெர்கர் கைவேலைதான். இருந்தாலும் அடிப்படை வடிவமே மாற வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

2002-இல், 2.5.46 கர்னலில், இனிட்ராம்எஃப்எஸ் சேர்ந்தது. ஆல் விரோவும் ஜெஃப் கார்ஸிக்கும் எச். பீட்டர் ஆன்வினும் இதற்கு உழைத்தவர்கள். டிஸ்க் பிம்பம் போயிற்று, வந்தது சி.பி.ஐ.ஓ. என்ற பழைய யுனிக்ஸ் கட்டுமுறை. கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய மூட்டை, ஒவ்வொன்றின் தலைப்பும் 070701 என்ற ஆறு இலக்கத்தில் தொடங்கும். கர்னல் அதைப் பிரித்து நேராகக் கேஷிலேயே கோப்புகளாக வைத்துவிடும். ஃபைல்சிஸ்டம் டிரைவர் வேண்டாம், அளவுக் கட்டுப்பாடு வேண்டாம். உள்ளே இருக்கும் இனிட் என்ற கோப்பு முதல் ப்ராசஸாக ஓடும். வேலை முடிந்ததும் மூட்டையைக் காலி செய்துவிட்டு நிஜ ரூட்டின் இனிட்டுக்கு அதே இடத்தைக் கொடுக்கும்.

ஹோஸ்ட்அடாப்டர் என்று கையால் எழுதிய அந்த வரியும் மெல்ல மறைந்தது. பி.சி.ஐ. அட்டைகள் தாங்கள் யார் என்று சொல்லும். ஏ.எச்.ஏ.-2940 வரிசை அட்டை ஒன்று 9004 என்ற தயாரிப்பாளர் எண்ணையும் 8178 என்ற சாதன எண்ணையும் காட்டும். தான் எந்தெந்த எண்களுக்குப் பொறுப்பு என்று ஒவ்வொரு டிரைவரும் தனக்குள் ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளும். டெப்மாட் கட்டளை எல்லா அட்டவணைகளையும் திரட்டி மாட்யூல்ஸ்.அலையஸ் என்ற ஒரே கோப்பாக்கும். 2.6 கர்னலில் அட்டை தென்பட்டவுடன் அந்த எண்களைக் கர்னல் அறிவிக்க, யுடெவ் என்ற நிரல் அதை அந்தக் கோப்போடு பொருத்தி மாட்யூலை ஏற்றிவிடுகிறது. யாரும் யாருடைய கதவையும் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஜெஃப் கார்ஸிக்கின் லிப்ஏடிஏ வந்தபிறகு சாட்டா டிஸ்க்குகளும் ஸ்கஸி அடுக்கு வழியாகவே வந்தன, யு.எஸ்.பி. டிஸ்க்கும் அப்படியே. ட்ரூ எக்கார்ட் 1992-இல் போட்ட அடுக்கின் வழித்தோன்றல்தான், சாதாரண லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகினால் எஸ்.டி. என்று தொடங்கும் பெயர் வைப்பது.

எல்லாம் தானாக நடக்கும் இந்தக் காலத்திலும் பழைய சிக்கல் ஒரு வழியில் திரும்பி வருகிறது. 2009-இல் ஃபெடோரா 12-உடன் வந்த டிராகட் என்ற மூட்டை கட்டும் கருவி, ஹோஸ்ட்ஒன்லி நிலையில் இந்த இயந்திரத்துக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் மூட்டையில் வைக்கும். மூட்டை சிறியது, எழுவது வேகம். டெபியன், மாட்யூல்ஸ் என்ற அமைப்பில் மோஸ்ட் என்ற மதிப்போடு, பொதுவாகத் தேவைப்படும் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும். முதல் வகையில் கட்டிய சர்வரை வி.எம்.வேரிலிருந்து கே.வி.எம்.முக்கு மாற்றினால் புதிய இடத்தில் டிஸ்க் விர்ட்ஐஓ வழியாக வரும். மூட்டையில் இருப்பதோ வி.எம்.வேரின் ஸ்கஸி டிரைவர். இயந்திரம் எழாது. நீண்ட காத்திருப்புக்குப் பின் டிராகட்டின் அவசர ஷெல்லில் போய் நின்றுவிடும். இடம்பெயர்க்கும் சர்வர் என்று தெரிந்தால் ஹோஸ்ட்ஒன்லியை முன்கூட்டியே அணைத்துக் கட்டிவிடுங்கள். சில பத்து எம்.பி. மிச்சப்படுத்துவதற்காக நள்ளிரவில் இந்த ஷெல்லின் முன் உட்காருவது தகாது என்பது என் உறுதியான கருத்து.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவருக்கும் வழி எளிது. மீட்பு சி.டி. பிம்பத்திலிருந்து எழுந்து, ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் முறையில் இணைத்து, சி.எச்.ரூட் செய்து உள்ளே போக வேண்டும். டிராகட்டாக இருந்தால் ஆட்-டிரைவர்ஸ் விருப்பத்தில் விர்ட்ஐஓ மாட்யூல்களின் பெயரைக் கொடுத்து ஃபோர்ஸ் என்று கட்டலாம். எந்தக் கர்னலுக்குக் கட்டுகிறோம் என்ற பதிப்பெண்ணையும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மீட்பு சி.டி.யின் கர்னல் பதிப்பை எடுத்துக்கொள்ளும். டெபியனில் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸின் மாட்யூல்ஸ் கோப்பில் பெயரைச் சேர்த்துவிட்டு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டினால் போதும். ரீபூட் செய்யும் முன் எல்.எஸ்.இனிட்ஆர்டி, அல்லது டெபியனில் எல்.எஸ்.இனிட்ராம்எஃப்எஸ், ஓட்டி மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். பட்டியலில் அந்த டிரைவர் கண்ணில் பட்டால் இயந்திரத்தை எழுப்பலாம்.